மனைவி, துணை, வரம்

ஜப்பானியப் பாடகரும் பாடலாசிரியரும் பியானோ கலைஞருமான அகிகோ யானோவைப் பற்றி அவருடைய நாட்டுக்கு வெளியே எழுதப்படும் அறிமுகங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: அவர் ரியூச்சி சகாமோட்டோவின் மனைவியாக இருந்தவர். சில இடங்களில் அதுதான் முதல் வாக்கியம். சில இடங்களில் நாகரிகம் கருதி மூன்றாவது வாக்கியம்வரை பொறுத்திருக்கிறார்கள்.

அதில் பொய் எதுவும் இல்லை. இருவரும் 1982இல் மணந்துகொண்டார்கள், 2006இல் மணவிலக்குப் பெற்றார்கள். சகாமோட்டோ பெரிய கலைஞர். ‘தி லாஸ்ட் எம்பரர்’ படத்தின் இசைக்காக ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டவர். ஆனால் உண்மைத் தகவல்களை எந்த வரிசையில் அடுக்குகிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. சகாமோட்டோவைப் பற்றிய அறிமுகம் ‘அகிகோ யானோவின் கணவராக இருந்தவர்’ என்று தொடங்கி நாம் எங்காவது படித்திருக்கிறோமா? அந்த வாக்கியமும் அதே அளவுக்கு உண்மைதானே? ஒரு உண்மை தலைப்பாகிறது, இன்னொன்று அடிக்குறிப்பாகக்கூட ஆவதில்லை.

யானோவின் இசை வாழ்க்கையைச் சுற்றி மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, மனைவி. இரண்டு, துணை, அதாவது ஆண்கள் நடத்திய குழுவில் துணைக் கலைஞர். மூன்று, வரம், அதாவது பிறவியிலேயே வந்த அதிசயம், குழந்தைத்தனம் மாறாத மேதை. முதல் இரண்டும் அவரைச் சிறுமைப்படுத்துகின்றன என்று எளிதாகப் புரியும். மூன்றாவது புகழ்ச்சிபோல் ஒலிக்கும். என் வாதம் இதுதான்: மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஒரு பெண் ஐம்பது ஆண்டுகளாகச் செய்துவரும் உழைப்பை உழைப்பு என்று எண்ணாமல் விடுவதற்கு உதவுகின்றன.

யானோ 1955 பிப்ரவரியில் டோக்கியோவில் பிறந்தார். வளர்ந்தது ஆவோமோரியில், ஹொன்ஷு தீவின் வடகோடியில், பனி மலைபோலக் குவியும் நகரம் அது. மூன்று வயதில் பியானோ பழகத் தொடங்கினார். அந்தக் காலத்து ஜப்பானில் அது அபூர்வமான விஷயமாகப் படாது. யமாஹா நிறுவனம் 1954இல் இசை வகுப்புகளைத் தொடங்கியது. நாடு போரிலிருந்து எழுந்து காசு பார்க்கத் தொடங்கியபோது பியானோ நடுத்தரக் குடும்பத்தின் கனவுப் பொருளாயிற்று. 1970களில் உலகிலேயே மிக அதிகமாகப் பியானோ செய்த நாடு ஜப்பான். அவற்றில் பெரும்பகுதி மகள்களுக்காக வாங்கப்பட்டது. மகள் பியானோ வாசிப்பாள் என்பது வீட்டின் கௌரவம். சம்பந்தம் பேசும்போது சொல்லிக்கொள்ள ஒரு தகுதி. இந்த ஏற்பாட்டில் எழுதப்படாத ஓர் எல்லை இருந்தது. பியானோ கூடத்திலேயே இருக்க வேண்டும். விருந்தினர் வந்தால் வாசிக்கலாம், அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரலாம். அதை எடுத்துக்கொண்டு இரவு நேர மேடைக்குப் போவது வேறு விஷயம்.

யானோ அந்த எல்லையைப் பதின்வயதிலேயே தாண்டினார். மேல்நிலைப் பள்ளிப் படிப்புக்காக டோக்கியோ வந்தவர், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஜாஸ் கிளப்புகளில் வாசிக்கத் தொடங்கினார். 1976இல், 21 வயதில், முதல் ஆல்பம் வெளிவந்தது. அதன் பெயர் ‘ஜாப்பனீஸ் கேர்ள்’. ஜப்பானியப் பெண் என்றதும் வெளியுலகம் எதிர்பார்க்கும் கிமோனோ, விசிறி, குனிந்த தலை எதையும் அதில் தேடவேண்டாம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தை லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய், லிட்டில் ஃபீட் என்ற அமெரிக்க ராக் குழுவை வைத்துப் பதிவுசெய்தார். மறுபக்கம் ஜப்பானியக் கலைஞர்களுடன். அமெரிக்கப் பக்கத்தில் அந்த ராக் குழுவுக்கு அவர் கொடுத்தது என்ன தெரியுமா? ‘சுகாரு டூர்’ என்ற பாடல். ஆவோமோரியின் சுகாரு வட்டாரத்து நாட்டார் பாடலான ஹோஹாய் புஷியை எடுத்து விரித்தது. ‘ஃபுனாமாச்சி உதா’ என்ற பாடல். ஆவோமோரியில் ஆகஸ்ட் மாதம் பிரம்மாண்டமான காகித விளக்குகளை இழுத்துக்கொண்டு தெருவெல்லாம் ஆடும் நெபுதா திருவிழாவின் மேளதாளத்திலிருந்து பிறந்தது. அமெரிக்க ஆண்கள், தேர்ந்த கலைஞர்கள், ஒரு வடகோடி நகரத்தின் தாளத்தை ஓர் இளம்பெண்ணின் பியானோவைப் பின்தொடர்ந்து வாசிக்கிறார்கள். அந்தப் பதிவில் யார் முன்னால் நடக்கிறார், யார் பின்னால் வருகிறார் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது பிரிட்டனின் கேட் புஷ்ஷைத் துணைக்கு அழைப்பது வழக்கம். உயர்ந்த குரல், பியானோ, எதிர்பாராத வளைவுகள். சரி. கேட் புஷ்ஷின் முதல் ஆல்பம் 1978இல் வந்தது. ‘ஜாப்பனீஸ் கேர்ள்’ 1976. இரண்டு ஆண்டுகள் முன்னால் வந்தவர் எப்படிப் பின்னால் வந்தவரின் ஜப்பானியப் பதிப்பாக முடியும்? கேட் புஷ் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரும் தன் பங்குக்கு இப்படிப்பட்ட ஒப்பீடுகளைச் சுமந்தவர்தான். ஒரு பெண் கலைஞரைப் புரிந்துகொள்ள இன்னொரு பெயர் எப்போதும் தேவைப்படுகிறது என்பதுதான் சிக்கல். கணவன் பெயர் கிடைத்தால் கணவன் பெயர். அது இல்லையென்றால் மேற்கத்தியப் பெண்ணின் பெயர்.

இனி இரண்டாவது சொல்லுக்கு வருவோம்.

ஹருவோமி ஹொசோனோ, யுகிஹிரோ தகாஹாஷி, ரியூச்சி சகாமோட்டோ மூவரும் 1978இல் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற மின்னிசைக் குழுவைத் தொடங்கினார்கள். உலக மின்னிசை வரலாற்றில் அந்தக் குழுவுக்கு நிலையான இடம் உண்டு. 1979லும் 1980லும் அவர்கள் சென்ற இரண்டு உலகச் சுற்றுப்பயணங்களிலும் மேடையில் கீபோர்டு வாசித்தவர், பாடியவர் யானோ. வரலாற்றில் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பட்டம் ‘சப்போர்ட்’, துணைக் கலைஞர்.

அந்த மேடைக்கு ஏறியபோது யானோ யார்? நான்கு ஆண்டுகளில் ஐந்து ஆல்பங்கள் வெளியிட்டிருந்தவர். அவற்றில் இரண்டு நேரலைப் பதிவுகள். 1979இல் வந்த நேரலை ஆல்பத்தின் பெயர் ‘டோக்கியோவில் இரவு ஏழு மணி’ என்று பொருள்படும். அதன் பின்னட்டையைப் பாருங்கள். யானோ பாடுகிறார், அவருக்குப் பின்னணி வாசித்தவர்கள் ஹொசோனோ, தகாஹாஷி, சகாமோட்டோ. அதே மூன்று பேர். அவருடைய மேடையில் அவர்கள் வாசித்தபோது அது இசைக் கலைஞர்களுக்குள் நடக்கும் இயல்பான ஒத்துழைப்பு. அவர்கள் மேடையில் அவர் வாசித்தபோது அவர் துணை. இரண்டு நிகழ்வுக்கும் நடுவில் சில மாதங்கள்தான்.

இன்னும் ஒன்று. அந்தச் சுற்றுப்பயணங்களில் அக்குழு வாசித்த பாடல்களில் ஒன்று யானோ எழுதிய ‘ஸாய் கான்தோன் ஷோனென்’. அதாவது துணைக் கலைஞரின் பாடலைக் குழு வாசித்தது. சகாமோட்டோவின் புகழ்பெற்ற ‘தோங் பூ’ என்ற இசைத்துண்டுக்கு வரிகள் எழுதித் தன் 1980 ஆல்பத்தில் பாடியவரும் யானோதான். கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் இருந்தது. பேரேட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். துணைக் கலைஞர்களில் ஆண்களும் இருந்தார்களே? இருந்தார்கள். கிடார் வாசித்த கசுமி வதானபே, கென்ஜி ஒமுரா இருவரும் அப்படித்தான் அழைக்கப்பட்டார்கள். துணை என்பது ஒப்பந்தத்தில் வரும் ஒரு சொல், அதில் பால் பேதம் எங்கே என்று கேட்கலாம். ஒப்பந்தத்தில் இல்லை, நினைவில் இருக்கிறது. வதானபேயைப் பற்றி எழுதும்போது அவர் யாருடைய கணவர் என்று எவரும் எழுதுவதில்லை. அவர் தன் பெயரில் தனித்த ஜாஸ் கலைஞர். சின்தசைசர்களுக்கு நிரல் அமைத்த ஹிதெகி மட்சுதாகேயை ரசிகர்கள் அன்போடு ‘நான்காவது உறுப்பினர்’ என்று அழைக்கிறார்கள். ஸ்டுடியோவிலும் மேடையிலும் அவர் செய்த வேலைக்கு அந்தப் பட்டம் தகும். ஆனால் நான்காவது நாற்காலி என்று ஒன்று இருக்கிறது, அதில் இயந்திரத்தை இயக்கிய ஆணை உட்காரவைக்க ரசிகர்களுக்கு மனம் வருகிறது. சொந்தப் பாடலோடு வந்து வாசித்துப் பாடிய பெண்ணுக்கு ஐந்தாவது நாற்காலி போட மட்டும் இடம் போதவில்லை.

1980ஐ மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு மே மாதம் யானோவுக்கு மகள் பிறந்தாள். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் இரட்டை இசைத்தட்டாக ஓர் ஆல்பம் வெளிவந்தது. அதே ஆண்டுக் கடைசியில் இரண்டாவது உலகச் சுற்றுப்பயணம். பிரசவம், இரட்டை ஆல்பம், கண்டம்விட்டுக் கண்டம் பயணம். ஓர் ஆண் ஓராண்டில் ஆல்பமும் சுற்றுப்பயணமும் முடித்தால் ‘படைப்பூக்கத்தின் உச்சம்’ என்று அத்தியாயம் எழுதுவார்கள். இவரது 1980 இன்னொருவரின் உச்சத்தைப் பற்றிய அத்தியாயத்தில் ஒரு வரியாகிறது. அந்த வரியில் இருப்பதும் திருமணத்தைப் பற்றிய குறிப்பு.

மனைவி என்ற முதல் சொல்லை அவருடைய பெயரே சுமந்துகொண்டிருக்கிறது. பிறந்தபோது அவர் அகிகோ சுசுகி. யானோ என்பது முதல் கணவரான இசைத் தயாரிப்பாளர் மகோதோ யானோவின் குடும்பப் பெயர். ஜப்பானியக் குடிமைச் சட்டத்தின் 750ஆம் பிரிவு, மணம் செய்யும் இருவரும் ஒரே குடும்பப் பெயரைக் கொள்ள வேண்டும் என்கிறது. கணவன் பெயரா மனைவி பெயரா என்று அவர்களே தேர்ந்துகொள்ளலாம். சட்டத்தின் எழுத்தில் முழுச் சமத்துவம். நடைமுறையில் ஏறத்தாழ 95 விழுக்காட்டுத் தம்பதிகளில் பெயரை இழப்பவள் பெண். சமத்துவமான சட்டம் இவ்வளவு ஒருபக்கமான விளைவைத் தருமானால், சட்டத்துக்கு முன்பே யாரோ முடிவெடுத்துவிட்டார்கள் என்று பொருள்.

மணவிலக்கு ஆனால் பெண் பழைய பெயருக்குத் திரும்பிவிட வேண்டும் என்றிருந்தது. விரும்பினால் மணப் பெயரையே தொடரலாம், மூன்று மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது 1976இல். ‘ஜாப்பனீஸ் கேர்ள்’ வெளிவந்த அதே ஆண்டு. அந்த ஆண்டு இன்னொரு பியானோ பாடகருக்கும் முக்கியமானது. யூமி அராய் என்ற பெயரில் 1972இலிருந்து பாடல்கள் வெளியிட்டு, ஜப்பானிய மெல்லிசையின் போக்கையே மாற்றியவர், 1976இல் மணந்தபின் யூமி மட்சுதோயா ஆனார். புகழின் உச்சியில் பெயர்ப் பலகை மாறியது. இன்றும் ஜப்பானியர்கள் அவருடைய பாடல்களை ‘அராய் காலம்’, ‘மட்சுதோயா காலம்’ என்று பிரித்துப் பேசுகிறார்கள். ஓர் ஆணின் இசையைத் திருமணத்துக்கு முன், திருமணத்துக்குப் பின் என்று காலவரிசை பிரிக்கும் வழக்கம் எந்த நாட்டிலாவது உண்டா?

யானோ வேறு வழியில் போனார். முதல் மணம் முறிந்த பிறகும் இசைத்தட்டு உறைகளில் யானோவாகவே இருந்தார். இரண்டாவதாக மணந்தபோது ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற குடும்பப் பெயர்களில் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை உறைகளில் ஏற்றவில்லை. அந்த மணமும் முடிந்தது. பெயர் அப்படியே இருக்கிறது. யானோ என்பது ஓர் ஆணிடமிருந்து வந்த பெயர் என்பது வெறும் தொடக்கம். அந்தப் பெயரைக் கேட்டதும் இன்று ஜப்பானியருக்கு ஒரு குரலும் பியானோவும் நினைவுக்கு வருகின்றன என்றால், அந்தப் பெயரின் சொத்துமதிப்பு முழுவதும் அவர் சம்பாதித்தது. காலிமனையை யார் கொடுத்தார் என்பதைவிட வீட்டை யார் கட்டினார் என்பது முக்கியம்.

இதைத் தனிமனித சாமர்த்தியமாகக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிட முடியாது. கலைஞருக்குத் தொழிற்பெயர் என்ற ஒதுக்கிடம் உண்டு. வங்கி ஊழியருக்கு, ஆய்வாளருக்கு, மருத்துவருக்கு? மணமக்கள் அவரவர் பெயரைத் தொடர அனுமதிக்கலாம் என்று ஜப்பானியச் சட்ட அமைச்சகத்தின் ஆலோசனைக் குழு 1996லேயே பரிந்துரைத்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் பழைய சட்டமே செல்லும் என்றது. 15 நீதிபதிகளில் 10 பேர் ஒரு பக்கம், 5 பேர் மறுபக்கம். அமர்வில் இருந்த பெண் நீதிபதிகள் மூன்று பேர்; மூவரும் இந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு எதிரானது என்றார்கள். 2021இல் மீண்டும் அதே தீர்ப்பு. பெண்கள்மீதான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐநா குழு 2003, 2009, 2016, 2024 என்று நான்கு முறை இச்சட்டத்தை மாற்றச் சொல்லியிருக்கிறது. பெயர் சின்ன விஷயம் என்று சொல்கிறவர்களைக் கேட்போம்: சின்ன விஷயம் என்றால் அதை விட்டுக்கொடுக்க ஆண்கள் ஏன் இத்தனை தயங்குகிறார்கள்?

மூன்றாவது சொல்தான் கடினமானது, ஏனென்றால் அது கையில் மாலையோடு வருகிறது.

யானோவின் குரலை ‘குழந்தைபோல்’ என்பார்கள். அவருடைய இசையை ‘தன்னிச்சையானது’, ‘கட்டற்றது’ என்பார்கள். மேதை என்றும் சொல்வார்கள். ஒரு பெண்ணிடம் மேதைமையைக் கண்டுவிட்டால், அதை அவள் கற்றாள், பழகினாள், தேர்ந்தாள் என்று சொல்ல உலகத்துக்கு ஏனோ நாக்கு எழுவதில்லை. வானத்திலிருந்து விழுந்தது என்று சொன்னால் எல்லோருக்கும் நிம்மதி. முன்பு சொன்ன ஹோஹாய் புஷியையே எடுத்துக்கொள்வோம். குரலை ஓரிடத்தில் சட்டென்று உடைத்து மேலே தாவவிடும் நாட்டார் பாட்டு அது. அந்த உடைப்பு ஒரு வட்டாரத்தின் தொழில்நுட்பம். கேட்டுக் கேட்டு, தொண்டையைப் பழக்கிப் பெறுவது. அதை ராக் தாளத்தின் மேல், பியானோவில் ஜாஸ் இசைவுகளை வாசித்துக்கொண்டே செய்வது குழந்தைகளால் ஆகிற காரியம் இல்லை.

1992இல் அவர் ‘சூப்பர் ஃபோக் சாங்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். பியானோவும் குரலும் மட்டும். பெரும்பாலும் மற்றவர்களின் பாடல்கள்: மோதோஹாரு சானோவின் பாடல், அமெரிக்க கிடார் கலைஞர் பாட் மெத்தினியின் இசை. பதிவு முறை கொடுமையானது. குரலும் பியானோவும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில். வெட்டி ஒட்டுவது கிடையாது. ஓரிடத்தில் விரல் பிசகினால் பாட்டு முழுவதும் மறுபடியும் முதலிலிருந்து. இந்தப் பதிவை ஒருவர் கறுப்பு வெள்ளையில் ஆவணப்படமாக எடுத்தார். அதில் நாம் பார்ப்பது என்ன? ஒரு பெண் வாசிக்கிறார், பிசகுகிறார், நிறுத்துகிறார். தன்மேலேயே எரிந்து விழுகிறார். மறுபடி தொடங்குகிறார். மறுபடி நிறுத்துகிறார். சிரிப்பு இல்லை, சிறகு இல்லை. நெசவுத் தறியில் உட்கார்ந்தவரைப்போல வேலை பார்க்கிறார்.

அந்தப் படத்துக்கு வைத்த துணைத்தலைப்பு: ‘பியானோ காதலித்த பெண்’.

யோசித்துப் பாருங்கள். படம் முழுக்க ஒரு பெண் பியானோவை அடக்கி ஆளப் பாடுபடுகிறார். தலைப்பில் பியானோ எழுவாயாகிவிடுகிறது, பெண் செயப்படுபொருளாகிவிடுகிறார். காதலிப்பது அது, காதலிக்கப்படுவது இவர். கணவர் இல்லாத இடத்தில்கூட ஒரு கணவர் தேவைப்பட்டு, வாத்தியத்தையே மாப்பிள்ளையாக்கிவிட்டார்கள். தலைப்பு அழகாக இருக்கிறது, அன்போடுதான் வைத்திருப்பார்கள். அன்போடு வைக்கப்பட்டது என்பதால்தான் அதை எடுத்துக் காட்டுகிறேன். வெறுப்பில் பிறந்த சொல்லை நாம் உடனே அடையாளம் கண்டுவிடுவோம். அன்பில் பிறந்த சொல் ஐம்பது ஆண்டு உழைப்பை மூடிவைத்துவிட்டு நன்றியையும் வாங்கிக்கொண்டு போய்விடும்.

அந்த ஆல்பத்தைக் கேட்கும்போது கவனியுங்கள். இடது கை தாளத்தை இழுத்துப் பிடித்திருக்கும். வலது கை குரலோடு வழக்காடும். குரல் சில வேளை தாளத்துக்குப் பின்னால் சோம்பலாக வரும், சில வேளை முந்திக்கொண்டு ஓடும். ஆண்கள் எழுதிய பாடல்கள் அவர் கையில் சுருதி இசைவு மாறி, நடை மாறி, யானோ பாடல்களாக வெளியே வருகின்றன. யாரோ கொடுத்த குடும்பப் பெயரை என்ன செய்தாரோ அதையேதான் யாரோ எழுதிய பாடல்களையும் செய்கிறார். தொடர்ந்து ‘பியானோ நைட்லி’, ‘ஹோம் கேர்ள் ஜர்னி’ என்று அதே முறையில் ஆல்பங்கள் வந்தன. வரம் ஒரு முறைதான் கிடைக்கும். முறை என்பது திரும்பச் செய்யக்கூடியது. அதனால்தான் அதற்குப் பெயர் உழைப்பு.

பாடல்களின் உள்ளே போனாலும் பெண்ணின் வேலையும் பசியும் இருக்கின்றன. நான் முன்பு சொன்ன 1980ஆம் ஆண்டு இரட்டை ஆல்பத்தின் தலைப்பு ‘கோஹான் கா தெகிதா யோ’. தமிழில் சொன்னால் ‘சோறு ஆயிடுச்சு!’. உலகச் சுற்றுப்பயணம் போகும் மின்னிசைக் கலைஞர் தன் ஆல்பத்துக்கு அடுக்களை வாசலிலிருந்து வரும் குரலைத் தலைப்பாக்குகிறார். நவீனமாவதற்குச் சமையலறையை மறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1984இல், இன்னொரு பாட்டு: ‘ராமென் தாபெதாய்’, ‘ராமென் சாப்பிடணும்’. இப்போது பசி அவருடையது. ராமென் கடை என்பது அன்றைய ஜப்பானில் வேலை முடிந்த ஆண்கள் தோள் இடிக்க உட்கார்ந்து உறிஞ்சும் இடம். தனியாக ஒரு பெண் உள்ளே நுழையத் தயங்கிய இடம். தனியாகச் சாப்பிட வேண்டும், சூடாகச் சாப்பிட வேண்டும் என்று ஒரு பெண் வெட்கமில்லாமல் கேட்கும் பாட்டு அது. வீட்டில் எல்லோருக்கும் சோறு ஆயிற்று என்று கூப்பிட்டவள் கடைசியில் எதைச் சாப்பிட்டாள் என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு தலைப்புகளுக்கும் நடுவில் உள்ள தூரம் விளங்கும்.

இந்த இரண்டுக்கும் இடையில், 1981இல், ‘ஹாரு சாகி கோபெனி’ என்ற பாடல் வந்தது. கானேபோ அழகுசாதன நிறுவனத்தின் வசந்தகால விளம்பரத்துக்காக எழுதப்பட்ட, உதட்டுச் சாயத்தைப் பற்றிய பாட்டு. அவருடைய தனிப்பாடல்களில் மிகப் பரவலாகச் சென்றது அதுதான். இதையும் மறைக்க வேண்டியதில்லை. பெண்களுக்குச் சந்தை திறந்துவிடும் கதவு எது என்பதை அது காட்டுகிறது. அவர் அந்தக் கதவு வழியாக உள்ளே போனார், அங்கேயே தங்கிவிடவில்லை.

1990இல் யானோ நியூயார்க்கில் குடியேறினார். அங்கிருந்து ஜப்பானுக்கு வந்து 1996இலிருந்து ஆண்டுக்கடைசியில் நடத்தும் கச்சேரித் தொடருக்கு ‘சாதோகாஎரு’ என்று பெயர் வைத்தார். ஜப்பானியத்தில் ‘சாதோகாஎரி’ என்றால் மணமான பெண் பிறந்த வீட்டுக்குப் போவது. ‘காஎரு’ என்றால் திரும்புவது. தவளை என்றும் ஒரு பொருள் உண்டு. தவளையை வைத்துக் கேலியாக வைத்த பெயர்தான். ஆனாலும் அந்தக் கேலிக்குள் ஒரு திருப்பம் இருக்கிறது. புகுந்த வீட்டின் அனுமதியோடு, எண்ணிக் கொடுத்த நாட்களுக்கு, பெட்டியோடு வந்து நிற்கும் பெண்ணின் சொல் அது. அவர் அதைத் தன் தொழிலின் சொல்லாக்கினார். யாருடைய மகளாகவும் யாருடைய மருமகளாகவும் வராமல், டிக்கெட் வாங்கிய ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கும் மேடைக்கு வருகிறார். பிறந்த வீடு என்பது அவருக்குப் பியானோ இருக்கும் இடம்.

‘இசையைக் கேட்டால் போதாதா, யார் மனைவி, யார் துணை என்பதெல்லாம் வெறும் குறிப்புகள்தானே?’ என்று சிலர் கேட்பார்கள். குறிப்புகள்தான் வரலாறு. எந்த ஆல்பம் மறுபதிப்பு காண வேண்டும், எதைப் பாடத்திட்டத்தில் வைக்க வேண்டும், எந்த இளைஞர் யாரை முன்னோடியாகச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் குறிப்புகளே தீர்மானிக்கின்றன. ‘முன்னாள் மனைவி’ என்ற சொல்லிலிருந்து எந்தப் பெண்ணும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ‘வரம்’ என்பதிலிருந்தும் முடியாது. தனக்கு வரம் வரவில்லை என்று நினைத்துப் பியானோவை மூடிவிடத்தான் முடியும். முறையிலிருந்து மட்டுமே கற்க முடியும்.

கற்றவர்கள் இருக்கிறார்கள். ஜாஸ் பியானோ கலைஞர் ஹிரோமி உயெஹாரா, யானோவைவிட 24 வயது இளையவர். பியானோக்களின் ஊரான ஹமமட்சுவில் பிறந்தவர். இருவரும் சேர்ந்து 2011இல் ஒரு நேரலை ஆல்பம், 2017இல் இன்னொன்று வெளியிட்டார்கள். இரண்டு பெண்கள், இரண்டு பியானோக்கள், நடுவில் எந்த ஆணின் குழுவும் இல்லை. இரண்டாவது ஆல்பத்தின் தலைப்புக்கு ‘ராமென் மாதிரியான பெண்கள்’ என்று பொருள். அங்கே யார் யாருக்குத் துணை? ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் தாங்குகிறார், பிறகு இடம் மாறுகிறார்கள். துணை என்ற சொல்லுக்கு உரிய பொருள் அதுதான். முறைவைத்துச் செய்தால் அதில் இழிவு ஏதுமில்லை. 2023இல், 68 வயதில், விண்வெளி வீரர் சோய்ச்சி நோகுச்சி விண்வெளி நிலையத்திலிருந்து எழுதிய வரிகளுக்கு இசையமைத்துப் பியானோவோடு தனியாகப் பாடி ஓர் ஆல்பம் தந்தார் யானோ.

யானோவைப் போராட்டக் கொடியாக்குவது என் நோக்கமல்ல. இது நம் செவியையும் நம் பேனாவையும் பற்றிய வழக்கு. இசை பற்றி எழுதும் பெண்களும் மாணவியரும் நம்மிடையே பெருகிவருகிறார்கள். அவர்களிடம் மூன்று கோரிக்கைகள். ஒரு பெண் கலைஞரின் முதல் வாக்கியத்தில் அவருடைய வேலையை எழுதுங்கள். திருமணம் வேண்டுமென்றால் அது நடந்த இடத்தில், அதற்குரிய அளவில் வரட்டும். ‘துணை’ என்று ஒரு பட்டியலில் பார்த்தால், அந்தத் தேதியில் அவர் கணக்கில் எத்தனை ஆல்பங்கள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். ‘பிறவி மேதை’ என்று எழுதக் கை வந்தால் நிறுத்தி, அவர் என்ன செய்கிறார், எந்தக் கையால் செய்கிறார், எங்கே கற்றார் என்று எழுதுங்கள்.

யானோவைக் கேட்டிராதவர்கள் 1979ஆம் ஆண்டின் அந்த நேரலைப் பதிவிலிருந்து தொடங்கலாம். டோக்கியோவில் இரவு ஏழு மணி. பியானோவுக்கு முன்னால் இளம்பெண் ஒருவர். பின்னால் மூன்று பேர் வாசிக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் பின்னட்டையில் இருக்கின்றன.